பின்பால் மெஷினுக்குள் ஒரு தூக்குக்குண்டு

கள்ளக்குறிச்சியில் மிக்சி, ஃபேன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மூடிப்போன விளையாட்டுக் கூடம் ஒன்றிலிருந்து காசு போட்டுப் பந்தை ஓடவிட்டு ஆடும் பழைய பின்பால் மெஷினை ஆசையாக வாங்கி வந்தேன். விளக்கெல்லாம் எரிந்தது. பந்தைத் தட்டிவிடும் இரண்டு மட்டைகள் மட்டும் அசையவில்லை. ஒரு மாதமாக வயர்களை மாற்றிப் பார்த்தும் பலனில்லை.

ஒருநாள், பழுதுபார்க்கக் கொடுத்திருந்த மிக்சியை வாங்கிப்போக, கட்டட வேலை செய்யும் அக்கா ஒருவர் வெள்ளிமலையிலிருந்து வந்திருந்தார். திறந்துகிடந்த மெஷினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது இன்னாங்க, செவுரு நேரா இருக்குதான்னு பாக்க வுடுற தூக்குக்குண்டு இங்க தொங்குது?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க" என்றேன். உண்மையில் எனக்கே தெரியாது.

அவர் நகரவில்லை. "குண்டு, சுத்தி இருக்குற வளையத்த தொட்டுக்கினு நிக்குது பாருங்க. உங்க தரை இந்தப் பக்கம் சாஞ்சிருக்குது."

மெஷினின் ஒரு காலுக்கடியில் பலகைத் துண்டை வைத்தோம். குண்டு விலகி, வளையத்தின் நடுவில் தொங்கியது. பொத்தானை அழுத்தினேன். இரண்டு மட்டைகளும் துள்ளின. யாராவது மெஷினை ஆட்டி ஏமாற்றினால் வளையத்தில் பட்டு ஆட்டத்தை நிறுத்துவதற்குத்தான் அந்தக் குண்டு என்பது அப்போதுதான் விளங்கியது.

முதல் ஆட்டத்தை அவரையே ஆடச் சொன்னேன். "தெரியாதுன்னு நான் சொல்லியிருக்கணும்க்கா."

பந்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அத்த வுடுங்க" என்றார்.

அந்தக் குண்டை ஒரு மாதமாக நானும் தினமும் பார்த்தேன். அது எதற்கு என்று ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.