ஆம்பூரில் செய்த இசைத்தட்டு

போன வாரம் ஆன்லைனில் வாங்கிய ஷூ வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் வலது ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, இடது ஷூவுக்குள் மூக்கை நுழைத்தேன். காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஊர்ல எல்லாரும் ஷூவ கால்ல போட்டு பாப்பாங்க. நீங்க இன்னாத்துக்கு மூஞ்சில போட்டு பாக்கறீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். நானும் பதில் சொன்னதில்லை. அடியில் அட்டை ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் இருக்கிறதே, அந்த வாசனை இன்னும் மாறவில்லை. அது மூக்கில் ஏறினால் எனக்குச் செருப்போ ஷூவோ ஞாபகம் வராது, ஒரு பாட்டு ஞாபகம் வரும். எனக்குத் தெரிந்து இப்போது யாரிடமும் இல்லாத பாட்டு. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆம்பூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு ஷூ கம்பெனியில் அப்போது நான் க்யூ.சி. செக்கர். அதாவது குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கினவன். தையல் ஒரு நூல் விலகினாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தள்ளிவிடுவேன். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இரண்டு கம்மலும் ஒரே உயரத்தில் தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பாஸ் பண்ணிவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர், மாதிரிக்கு ஷூ அனுப்பினால் ஜோடியாக அனுப்ப மாட்டார், ஒற்றைக் கால்தான் வரும். ஜோடியாக வந்தால் வழியில் எவனாவது மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான் என்று பயம். எங்கள் பையர் ஜெர்மனிக்காரர், எப்போதும் இடது கால்தான் அனுப்புவார். எங்கள் சாம்பிள் ரூமில் தரையிலிருந்து கூரை வரைக்கும் இடது ஷூக்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் கலங்கித்தான் போவார்கள்.

ஒரு நாள் அப்படி வந்த பூட்ஸ் பெட்டியின் அடியில், அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இசைத்தட்டு கிடந்தது. சின்னத் தட்டு, சாப்பாட்டுத் தட்டில் பாதிதான் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்த உறையில், ஒரு ஷூவுக்குள்ளிருந்து மூன்று பேர் தலையை நீட்டுகிற படம். சாம்பிள் ரூமுக்குப் பொறுப்பு சாமுவேல் சார். ரெஜிஸ்டரில் ஏறாத எதுவும் இந்த உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்வாய்ஸ்ல இல்ல. அப்ப இது பேக்கிங் மெட்டீரியல். வேணும்னா எடுத்துக்கப்பா" என்றார்.

எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே சாம்பிளுக்குத் தோல் வெட்டுகிற இக்பாலோடு ரயில்வே கேட் பக்கம் மைக்செட் கடை வைத்திருந்த முனிரத்தினத்திடம் போனேன். எல்லாரும் கேசட்டுக்கு மாறிவிட்ட காலம். ரெக்கார்டு பிளேயரை மேஜைக்கடியில் போட்டு அதன்மேல் ஒயர் சுருளை வைத்திருந்தார். தூசி தட்டி எடுத்து வைத்தால், இசைத்தட்டின் நடு ஓட்டை ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. பிளேயர் நடுவில் நிற்கும் ஆணியோ பென்சில் கனம்கூட இல்லை.

"இன்னாபா இது, எலி கடிச்சா மாதிரி?" என்றார் முனிரத்தினம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். பன்ச் அடித்தவன் பெரிய அச்சைப் போட்டுவிட்டான், இது ரிஜெக்ட் ஆன மால், அதனால்தான் பெட்டிக்கு அடியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஊரில் சின்ன இசைத்தட்டுக்கு ஓட்டையே அவ்வளவு பெரிதுதான் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இக்பால் வாதம் பண்ணவில்லை. பையிலிருந்து அடித்தோல் துண்டை எடுத்து, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, இசைத்தட்டின் பொக்கை வாயில் அழுத்தினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

பாட்டு என்றா சொல்ல முடியும்? மூன்று பேர் யாரோ பஸ்ஸை விட்டுவிட்ட மாதிரிக் கத்திக்கொண்டே ஓடினார்கள். நடுவில் திடீரென்று குஷி வந்து லாலி பாடுவதுபோல ஒரு மெட்டு. மறுபடியும் கத்தல். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"அதுக்குள்ள முடிஞ்சிச்சா? டெஸ்டிங் பண்றாங்கன்னு இல்ல நெனச்சேன்!" என்றார் முனிரத்தினம்.

ஆனால் எனக்குப் பிடித்துவிட்டது, ஏனென்று கேட்காதீர்கள். நாள் முழுக்கத் தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவனுக்கு, ஒரு கோடுகூட நேராக இல்லாத பாட்டைக் கேட்டால் தோளிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அடுத்தடுத்த பெட்டிகளில் இன்னும் இரண்டு வந்தன. மூன்றையும் பீரோவில் வேஷ்டிகளுக்கு நடுவே வைத்தேன். முனிரத்தினமும் அந்தப் பாட்டுக்கு ஓர் உபயோகம் கண்டுபிடித்தார். பந்தி முடிந்தும் கிளம்பாமல் பந்தலில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்களுக்கு என்னிடம் வாங்கிப் போய் ஒரு தடவை போடுவார். ஐந்து நிமிடத்தில் நாற்காலியை மடக்கிவிடலாமாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற ஜெர்மன்காரரிடம் இந்தத் தட்டுகளைப் பற்றி வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவருக்கு என்னைவிட வெட்கம். அவர்கள் கோடவுனில் சாம்பிள் பெட்டி கட்டுகிற ஆள்தான் அந்தப் பாட்டுக் கோஷ்டியில் டிரம் அடிக்கிறவராம். இந்த வகைப் பாட்டுக்கு பங்க் என்று பெயராம். ரேடியோவில் வராது, கடையில் விற்காது, ஏதோ கட்டடத்தின் அடித்தளத்தில் முப்பது பேர் முன்னால் வாசிப்பார்களாம். கோஷ்டியின் பெயருக்கு 'இடது கால் மட்டும்' என்று அர்த்தம். விற்காத தட்டுகளை பூட்ஸ் நசுங்காமல் இருக்க அடியில் வைக்கிறார். மொத்தம் ஐந்து போடுவார்களாம், அத்தோடு கலைந்துவிடுவார்களாம்.

ஐந்து என்று சொன்னார் பாருங்கள், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. க்யூ.சி. ஆசாமிக்கு ஐந்தில் மூன்று இருந்தால் அது மூன்று இல்லை, இரண்டு கம்மி.

நான்காவது வந்த அன்று பார்த்து, புதிதாகச் சேர்ந்திருந்த மேனேஜர் சாம்பிள் ரூமுக்குள் நுழைந்தார். மேஜைமேல் இருந்ததைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன ஆர்ட்டிகிள்?"

"பேக்கிங் சார்" என்றேன்.

"பேக்கிங்ல பேரு, நம்பர் எல்லாம் பிரிண்ட் பண்ணுவானா? சீரோ ஃபோர்னு போட்டிருக்கு. நியூ ஆர்ட்டிகிள்யா இது. பையர் அனுப்புனா கவுண்டர் சாம்பிள் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

கவுண்டர் சாம்பிள் என்றால் பையர் அனுப்பிய மாதிரியைப் பார்த்து நாங்கள் செய்து திருப்பி அனுப்புகிற மாதிரி. அச்சு அசலாக இருக்க வேண்டும், எங்கள் தோலில் இருக்க வேண்டும். நான் சாமுவேல் சாரைப் பார்த்தேன். சாமுவேல் சார் இக்பாலைப் பார்த்தார். இக்பால் இசைத்தட்டைப் பார்த்தான்.

"பிளாக்ல கன்னுத்தோல் இருக்குது. பளபளன்னு வரும்" என்றான்.

சத்தியமாகச் செய்தோம். இரண்டு தோலை முதுகோடு முதுகு ஒட்டி, விறைப்புக்கு நடுவே அட்டை கொடுத்து, ஓரம் சீவி, கறுப்பு மெருகு ஏற்றினான். வரிகளுக்கு இரும்புக் கவராயத்தின் முனையைச் சூடாக்கிச் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டான். நிஜ இசைத்தட்டில் வரி சுருள் சுருளாக உள்ளே போகும் என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. இக்பால் போட்டவை தனித்தனி வட்டம், ஒவ்வொன்றும் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. ஒரு வட்டம் முடிக்கும்போது மட்டும், ஷிப்டு சங்கு ஊதியதில் திடுக்கிட்டுக் கை கொஞ்சம் ஆடிவிட்டது. சின்ன வடு.

"அல்லா! இத நீ ரிஜெக்ட் பண்ணுவியே" என்றான் பயந்து. அந்த ஒரு தடவை நான் சாக்பீஸை எடுக்கவில்லை.

வழக்கப்படி இரண்டு செய்தோம், ஒன்று பையருக்கு, ஒன்று கம்பெனிக்கு. சங்கு ஊதியது இரண்டாவதைச் செய்யும்போது. அனுப்பியது எது, வைத்துக்கொண்டது எது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. சாம்பிளோடு கட்டி அனுப்புகிற அட்டையில் நான்தான் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'ஒரிஜினலில் நடு ஓட்டை அளவுக்கு மேல் பெரிது. எங்கள் பீஸில் திருத்தப்பட்டுள்ளது.' நான்காவது இசைத்தட்டை மேனேஜர் தன் மேஜையில் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஐந்தாவது வந்தது. பெட்டிக்கு அடியில் இல்லை, தனிக் கவரில், மரியாதையாக. உறையில் எங்கள் தோல் இசைத்தட்டின் போட்டோ. பக்கத்திலேயே என் அட்டை, என் எழுத்து, என் கையெழுத்து! கூடவே ஒரு சீட்டு, அதில் ஒரே வார்த்தை: அப்ரூவ்டு.

அந்த ஒரு வார்த்தை என் குடியைக் கெடுத்தது. பையர் அப்ரூவ் பண்ணிய சாம்பிளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கம்பி முறுக்கி, ஈய சீல் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஆர்டர் இருக்கும்வரை சீலை யாரும் தொடக்கூடாது. அந்தச் சீட்டோடு வந்ததால் ஐந்தாவது இசைத்தட்டுக்கே சாமுவேல் சார் சீல் வைத்து அலமாரியில் பூட்டினார்.

"சார், ஒரே ஒரு வாட்டி கேட்டுட்டு குடுத்துடறேன் சார்."

"பேஜார் பண்ணாத. சீல் வெச்சாச்சி."

ஐந்து வருஷம் கண்ணாடிக் கதவு வழியாக என் கையெழுத்தை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆனது, பெண் பிறந்தாள், பாட்டை மட்டும் கேட்கவில்லை.

அப்புறம் ஆர்டர்கள் வேறு தேசங்களுக்குப் போயின, கம்பெனியை மூடினார்கள். மூடும்போதும் ஒரு வழக்கம் உண்டு. பையரின் சாம்பிள்கள் வெளியே போகக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் கத்தி போட்டு, வெட்டியதாக ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் சாமுவேல் சாரும் இக்பாலும் இரண்டு நாள் இடது ஷூக்களாக வெட்டினோம். கடைசியில் அந்தக் கவர் வந்தது. சாமுவேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெட்றதுக்கு முன்னாடி ஒரு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணோம்னு எழுதிக்கலாம். தப்பில்ல" என்றார்.

மத்தியானம் மூன்று பேரும் முனிரத்தினம் கடைக்குப் போனோம். சீலை சாமுவேல் சாரே வெட்டினார். முதல் பக்கம் வழக்கம்போல பஸ்ஸை விட்டவர்களின் கத்தல். சர்ச்சில் பாடுகிறவரான சாமுவேல் சார் கவனமாகக் கேட்டு, "சுருதி இல்ல. ஆனா மூணு பேரும் ஒண்ணா முடிச்சாங்க பாரு, அது டிசிப்ளின்" என்றார்.

இரண்டாம் பக்கத்தில் பாட்டே இல்லை. கர கர கர, டக். கர கர கர, டக். முனிரத்தினம் முள்ளை ஊதிப் பார்த்தார். மாறவில்லை. இக்பால் மட்டும் எழுந்து நின்றுவிட்டான்.

"டேய், இது நம்ம தோலுடா! அந்த டக்கு கேக்குதா? அது என் கை ஆடின எடம்!"

அந்தக் கோஷ்டிப் பையன்கள் எங்கள் தோல் இசைத்தட்டை பிளேயரில் வைத்து ஓடவிட்டிருக்கிறார்கள். வட்டத்துக்குத்தான் முடிவு இல்லையே, முள் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சத்தத்தை ஒரு பக்கம் முழுக்கப் பிடித்துவிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் அந்தப் பக்கம் முடிகிறவரை கேட்டோம். இக்பாலுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

திரும்பி வந்ததும் சாமுவேல் சார் என்னிடம் கத்தியைக் கொடுத்தார். "வெட்டணும்னுதான் ரூல். எவ்ளோ வெட்டணும்னு இல்ல. ஓரமா ஒரு கீறல் போட்டுட்டு நீயே வெச்சிக்கோ" என்றார். அவர் ஆயுசில் ரூலை வளைத்தது அன்று ஒரு நாள்தான்.

ஷூவுக்குப் போடுகிற மாதிரி ஓரத்தில் கத்தியை வைத்து, அதன் முதுகில் சுத்தியால் ஒரு தட்டு தட்டினேன். தோல் என்றால் அரை அங்குலம் வாய் திறந்து நின்றிருக்கும். அது தோல் இல்லையே. 'பட்' என்று நடு ஓட்டை வரைக்கும் விரிசல் ஓடி, எடுத்துப் பார்ப்பதற்குள் இரண்டாகிவிட்டது. ஐந்து வருஷம் காத்திருந்து, என் கையாலேயே. இக்பால் ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டிக் கொடுத்தான். ஒட்டிக்கொண்டது, பாடவில்லை. சாமுவேல் சார் என் முகத்தைப் பார்க்காமல் கம்பெனிக்கென்று வைத்திருந்த தோல் இசைத்தட்டை எடுத்து என் பையில் போட்டார். அது ரெஜிஸ்டரில் ஏறவே இல்லை.

இப்போது கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். முனிரத்தினம் கடையில் மொபைலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். சாமுவேல் சார் இல்லை. இக்பால் போய் மூன்று வருஷம் ஆகிறது. முதல் நான்கு பாட்டையும் யாரோ இன்டர்நெட்டில் ஏற்றியிருப்பதாக என் பெண் தேடிச் சொன்னாள். ஐந்தாவதுக்கு உறையின் படம் மட்டும்தான் இருக்கிறது. 'இந்தத் தட்டைக் கேட்டவர் யாராவது உண்டா?' என்று அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறாராம்.

புது ஷூவைப் பெட்டியில் வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன். தோல் இசைத்தட்டில் லேசாகப் பூஞ்சை. துடைத்தேன். எது வந்தது, எது போனது என்று இத்தனை வருஷம் நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. அவர்களிடம் போனதில் வடு இருந்தது, அதைக் காதாலேயே கேட்டாகிவிட்டது. அப்படியென்றால் இதில் இருக்கக் கூடாது. மடியில் வைத்து, ஒவ்வொரு வட்டமாக நகத்தைப் பதித்து மெதுவாகச் சுற்றினேன். கர கர கர என்று சுத்தமாக ஓடியது. எந்த வட்டத்திலும் ஒரு தடங்கல்கூட இல்லை. குறையே இல்லாத பீஸ்.

என் வேலைக்கு இதைவிட நல்ல பீஸ் கிடைக்காது. எனக்கு அந்த டக் வேண்டும்.