வெளிச்சம் அடிக்காத படம்

போன செவ்வாய்க்கிழமை உனக்கு அடையாள அட்டை, ஐ.சி. எடுக்கப் போயிருந்தோம், கவின். உனக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது என்பது அங்கே வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. கேமராவுக்கு முன்னால் உன்னை உட்காரவைத்த மலாய்க்கார அம்மா, "ஜாங்ஙான் கெராக்" என்றார். அசையாதே என்றதும் நீ முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முட்டியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாய். அவர் "சுடா", முடிந்தது, என்று சொன்ன பிறகுதான் புஸ்ஸென்று விட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஏன்ப்பா, கண்ணு செவப்பா இருக்கு?" என்று கேட்டாய். ஏர்கோன் காற்று என்றேன். அது பொய்.

அன்று சாயங்காலம் உன் தங்கை, சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவள், "தாத்தா ஏன்ப்பா எப்பவும் கோவமாவே இருக்காரு?" என்றாள். நீ அதோடு விடவில்லை. "அவரு எப்படிப்பா பேசுவாரு? நீங்கதான் சவுண்ட் வேல பாத்தீங்களே, ரெக்கார்டிங் ஒண்ணுகூட இல்லியா?" என்றாய். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். நான் படிவம் ஐந்து வரைதான் பள்ளிக்கூடம் போனவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் தாத்தா கோபக்காரர் இல்லை. மந்தினைத் தாண்டி உள்ளே போனால் வரும் கித்தா எஸ்டேட்டில் அவர் பால்மரம் வெட்டினார், ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. வெட்டுக்காட்டில் ஆளுக்கு ஆள் தூரம். ஒரு மர நிரையிலிருந்து அடுத்த நிரைக்குப் பேசவேண்டும் என்றால் கத்தித்தான் பேசவேண்டும். மற்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் குரலை இறக்கிவிடுவார்கள். தாத்தாவுக்கு அது வரவே இல்லை. சோற்றுக்கு உப்புக் கேட்பதையும் காட்டில் கேட்பது மாதிரியே கேட்பார். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் நிற்கும்போது, வேலை வாங்கும் மண்டோர், "யோவ் ரேடியோ, கொஞ்சம் ஆஃப் பண்ணுலா, பேரு வாசிக்கணும்" என்பார். "பேட்டரி புதுசு மண்டோரே, நிக்காது" என்று தாத்தா அங்கிருந்தே பதில் கொடுப்பார். பள்ளியில் நான் 'ரேடியோ மகன்'. அந்தப் பெயருக்காக இரண்டு மூன்று பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். அடி வாங்கியதுதான் அதிகம்.

அப்படிப்பட்ட மனிதர் வாயை மூடிக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. அது ஸ்டூடியோ.

எங்கள் லயத்தில் ஸ்டூடியோ என்றால் படம் பிடிக்கும் கடை. வேறு அர்த்தமே கிடையாது. ஐ.சி.க்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை போவார்கள். மூன்றாவது தடவை படத்தைப் பெரிசாக்கப் போகும்போது அந்த ஆள் உயிரோடு இருக்கமாட்டார். தாத்தா ஸ்டூடியோவுக்குப் புறப்பட்டால் கட்டிப்பால் நாற்றம் போக இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். மரத்தில் கட்டிய மங்குக் கோப்பையில் தங்கி உறைந்துபோன கித்தாப் பாலைத்தான் கட்டிப்பால் என்போம். அது தோலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் முகம் வெள்ளையாகும்வரை பவுடர். கைக்குட்டையில் இன்னும் கொஞ்சம் பவுடர், அங்கே போய்த் திரும்பப் போட. இன்றைக்கும் எங்கேயாவது பவுடர் வாசம் வந்தால், என் மூக்கு அதற்கு அடியில் கட்டிப்பாலைத் தேடுகிறது. படம் பிடிக்கும்போது மூச்சு விட்டால் படம் கலங்கிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அதை அவர் கடைசிவரை நம்பினார்.

நான் கோலாலம்பூரில் ஒலிப்பதிவு படிக்கச் சேர்ந்தபோது வீட்டில் விளக்கித்தான் பார்த்தேன். "பாட்டு, பேச்சு இதெல்லாம் பதிவு பண்ற ஸ்டூடியோப்பா."

"அதான்டா, ஸ்டூடியோ. வெயில் படாத வேல" என்றார்.

இரண்டாவது தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா தன் கல்யாணப் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "தம்பி, எங்க வீட்டுக்காரரு மூஞ்சிய மட்டும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி பண்ணிக் குடுத்துரு. அந்த ஆளு ஒரு நாளும் சிரிச்சதில்ல" என்றார். சரிக்கா என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? பாதி சோம்பல். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். வகுப்பில் எல்லாரும் கித்தார், பியானோ என்று வீட்டிலேயே பழகி வந்தவர்கள். அங்கே என் எஸ்டேட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. இங்கே என் படிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமல் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு வருஷம் ஓடிப் படிப்பு முடிந்தது. ஆனால் ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் மூன்று மாதம் பிராக்டிகல் செய்து, அங்கிருந்து கடிதம் கொண்டுவந்தால்தான் சான்றிதழ். கூடப் படித்தவர்களுக்குச் சித்தப்பா, மாமா யாராவது இருந்தார்கள். நான் கண்ணில் பட்ட விலாசத்துக்கெல்லாம் எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது, இடம் இல்லை என்று. மாத முடிவுக்குள் கிடைக்காவிட்டால் படித்தது அத்தனையும் வீண். மாமா வேறு, "லோரிக்கு ஆளு வேணுங்குறான். நாளைக்கே ஏறிடு, என்னா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் சிரம்பானில் ஒரு டயர் கடையின் மாடியில் சின்ன ஸ்டூடியோ ஒன்று இருப்பது தெரிந்தது. பஜனைப் பாட்டு, ரேடியோ விளம்பரம் பதிவு செய்யும் இடம். முதலாளி ராஜநாயகம் சார், யாழ்ப்பாணத்து வழியில் வந்த குடும்பம். போனில், "வாரும், கையைப் பாத்துத்தான் சொல்லுவன்" என்றார்.

தாத்தா அன்றைக்கு லீவு போட்டார். "மொத தடவ போற, பெத்தவன் வரலன்னா மரியாதையா இருக்காது." இரண்டு தடவை குளியல், பவுடர், கல்யாணங்களுக்கு மட்டும் போடும் நீலச் சட்டை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சார் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஆர் இவர்?"

"அப்பா சார்."

"நல்லது. பாட வேண்டியவர் இன்னும் வரேல்லை. நீர் மைக் வைச்சு ஒரு குரலைப் பதிஞ்சு காட்டும். நான் தொடமாட்டன்."

"யாரு குரல் சார்?"

"ஏன், அவருக்குக் குரல் இல்லையே?" என்று தாத்தாவைக் காட்டினார்.

ரேடியோவைப் பார்த்து அப்படிக் கேட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். நான் மைக்கைக் கட்டினேன், உயரம் பார்த்தேன், வயரை இழுத்தேன். தாத்தா கண்ணாடிக் கதவில் முகம் பார்த்து, கைக்குட்டைப் பவுடரை ஒற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டப் போனால், "தல கலையும்டா" என்று தள்ளிவிட்டார். மூச்சுக்காற்று மைக்கில் இடிக்காமல் இருக்க முன்னால் ஒரு வட்டமான கறுப்பு வலை வைப்பார்கள். அதன் நடு மையத்தை உற்றுப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் அதைக் கேமரா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தாத்தா முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முட்டியில் வைத்தார். "பேசுங்கப்பா. பேரு, ஊரு, எதுனாச்சும்" என்றேன். என் குரல் ஹெட்போனுக்குத்தான் போகும். அது கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தத்தின் அளவு காட்டும் முள் அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து என் காதில் புஸ்ஸென்று ஒரு மூச்சு. உடனே அடுத்ததை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

கதவுக்கு நாலு அடி. போய், "அப்பா, இது படம் புடிக்கிற எடம் இல்ல" என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. சார் முன்னால் அவரைச் சின்னதாக்க வேண்டாம் என்று நினைத்ததாகப் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. என் அப்பாவுக்கு மைக்கைத் தெரியாது என்பது சாருக்குத் தெரிந்துவிடுமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒண்டும் கதைக்கிறார் இல்லையே?" என்றார் சார்.

"அவரு கொஞ்சம் கூச்ச சுபாவம் சார்."

லயத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் புரண்டு சிரித்திருப்பார்கள்.

"அப்ப நிப்பாட்டும்."

விரல் பட்டனுக்குப் போனது. அந்த நேரம் பார்த்துத் தாத்தா தாடையைக் கொஞ்சம் தூக்கினார், வெளிச்சம் அடிக்கப்போகிறது என்று. "இன்னும் கொஞ்சம் சார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. மூன்று நிமிஷம் ஓடியது.

சார் டேப்பைத் திருப்பி ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். என் மனசு ஏற்கெனவே மாமாவின் லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சார் ஹெட்போனைக் கழற்றினார். "கரண்டு இரைச்சல் இல்லை. மைக் வைச்ச இடமும் சரி. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாரும்" என்றார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

படியில் இறங்கும்போது தாத்தா என் தோளைத் தட்டினார். "ஏன்டா, வெளிச்சமே அடிக்கல. படம் விழுந்துருக்குமா?"

"விழுந்துருச்சுப்பா."

"அசஞ்சனா?"

"இல்லப்பா."

"எப்பக் கெடைக்கும்?"

"கழுவுனதும் குடுப்பாங்க."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்த குரலை எல்லாம் சேர்த்து, மந்தின் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொரு ஆளிடமும், "எம்மவனுக்கு ஸ்டூடியோவுல எடம் கெடச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு வாராவாரம் கேட்டார், "படம் என்னாச்சு?" ஒரு மாதம் கழித்து, எங்கள் ஸ்டூடியோவில் கேமரா ரிப்பேர் என்று சொல்லி லோபாக்கில் ஒரு படக்கடைக்கு அழைத்துப்போனேன். நம் சுவரில் இருப்பது அந்தப் படம்தான். செல்லம்மா அக்காவின் படத்தையும் அங்கேயே கொடுத்தேன். எவ்வளவோ செய்து பார்த்தார்கள், அவர் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

பிராக்டிகல் சேர்ந்த மூன்றாவது வாரம் சார் ஒரு பெட்டி நிறையப் பழைய டேப்புகளைக் கொடுத்து அழிக்கச் சொன்னார். காந்தப் பெட்டி மேல் வைத்தால் போதும், உள்ளே இருப்பது போய்விடும். அதில் ஒன்றில் என் கையெழுத்து இருந்தது, அன்றைக்குத் தாத்தாவை உட்காரவைத்துப் பதிந்த டேப். 'காலி' என்று நானே எழுதியிருந்தேன். அதையும் எடுத்துக் காந்தப் பெட்டி மேல் வைக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று வீட்டுக்குப் போனால், கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொல்லித் தாத்தா லயத்துக்கே கேட்கக் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்குப் பஞ்சம் வரும் என்று யார் நினைத்தது?

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த வேலையில் இருந்தேன். டுரியான் வியாபாரி குரலைக்கூடப் பதிவு செய்திருக்கிறேன். தாத்தாவை மட்டும் மைக் முன்னால் உட்காரவைக்கவில்லை. உட்காரவைத்தால், அன்றைக்கு நடந்தது படம் இல்லை என்று சொல்லவேண்டும். தீபாவளி முடியட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நீ பிறப்பதற்கு முந்தின மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

இப்போது எஸ்டேட்டில் பாதி எண்ணெய்ச் செம்பனை, பாதி தாமான் வீடுகள். லயம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். டயர் கடை இருக்கிறது, மேலே ஸ்டூடியோ இல்லை, டியூஷன் நடக்கிறது. லோபாக் படக்கடையில் ஹேண்ட்போன் உறை விற்கிறார்கள். பவுடரோடு கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டு படம் பிடிக்கப் போகிறவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

ரெக்கார்டிங் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டாயே கவின், இல்லை. உன் தங்கையிடம் சொல், தாத்தா கோபமாக இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதை அவர் விட்ட சத்தம் மூன்று வாரம் என்னிடம் இருந்தது.