தம்பி செய்த டிராமிசு

மதுரையில் சிகிச்சை முடிந்து தம்பியைச் சின்னமனூர் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவனுக்கு நாக்கு செத்துப் போயிருந்தது. அப்படித்தான் அவனே சொன்னான். தொண்டையில் வந்த புற்றுக்காகக் கழுத்தின் இரண்டு பக்கமும் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்திருந்தார்கள். தோல் கறுத்து, எச்சில் வற்றி, குரல் வெறும் காற்றாகி இருந்தது. எதை வாயில் வைத்தாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றான். உப்பு, புளி எதுவும் தெரியவில்லை. காரம் மட்டும் தெரிந்தது. அதுவும் ருசியாக அல்ல, புண்ணில் பட்ட நெருப்பாக.

அது 2008. கல்யாணமாகி அல்லிநகரத்தில் இருந்த நான், அவனைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். அப்பா இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரம். குமுளிக்குப் போகும்போதும் வரும்போதும் இறங்கி எங்களைப் பார்த்துவிட்டுப் போவார்.

தம்பிக்கு முப்பது முடிந்திருந்தது. கேட்டரிங் படித்துவிட்டு வெளிநாட்டுப் பயணிகள் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போனவன். அங்கே அவன் இனிப்புப் பிரிவு. கடைசியாக விடுமுறையில் வந்தபோது கம்பத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து நிச்சயம் செய்திருந்தோம். நிச்சயத்தன்று இரண்டு பேரும் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருக்காது. ஆனாலும் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் அவளுக்கு போன் போட்டுவிடுவான். அடுத்த பயணத்தின் நடுவில் சோறு இறங்கவில்லை என்றான். கப்பல் டாக்டர் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்.

அவன் முழுக்கக் குணமாகும்வரை கறி, முட்டை தொடுவதில்லை என்று அம்மா வேண்டிக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் குச்சனூர் கோயிலுக்குப் போய் எள்விளக்குப் போட்டுவிட்டு வருவாள். வந்ததும் கஞ்சி காய்ச்சுவாள். அவன் இரண்டு கரண்டி குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைப்பான். அம்மா அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனால் வெகுநேரம் வெளியே வரமாட்டாள். நானும் உள்ளே போகமாட்டேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் என் வீட்டுக்காரர் கப் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். தம்பி அதை முழுக்கச் சாப்பிட்டான். ருசி தெரிகிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான்.

"எரியலக்கா. வாய்க்குள்ள போனது எரியாம இருக்கே, அதுவே போதும்."

மறுநாள் அவனாகவே பேச்செடுத்தான். கப்பலில் தினமும் தட்டுத்தட்டாகச் செய்கிற ஒரு இனிப்பு இருக்கிறது. இத்தாலிக்காரர்களுடையது. காப்பியில் நனைத்த பிஸ்கட் ஒரு அடுக்கு, பாலேடு ஒரு அடுக்கு, திரும்பவும் பிஸ்கட், திரும்பவும் பாலேடு, மேலே கோகோ தூள். வாயில் போட்டால் மெல்ல வேண்டியதில்லை, தானாக இறங்கிவிடும். டிராமிசு என்று பேர்.

"அப்படின்னா என்னடா?"

"என்னையத் தூக்கிவிடுன்னு அர்த்தமாம். கூட வேலை பார்த்தவன் சொன்னான்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முட்டை சேரும் என்பதால் அம்மா அடுப்படியில் செய்ய விடவில்லை. பின்வாசலில் துவைகல் மேல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துக்கொண்டோம். அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் செய்வேன். சத்தமாகச் சொல்ல முடியாததால் நான் பிசகினால் நாற்காலிக் கையைத் தட்டுவான். நான் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தப் பாலேடு இங்கே கிடைக்காது. மார்க்கையன்கோட்டையில் மெஷின் வைத்து வெண்ணெய் எடுக்கிறவரிடம், கடைவதற்கு முந்தின கிரீமைத் தூக்குவாளியில் வாங்கி வந்தேன். அதைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடாக்கி, எலுமிச்சைச் சாறு விட்டு, கெட்டிப்பட்டதும் வேட்டித் துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிட வேண்டும். விடிந்து பார்க்கும்போது வெண்ணெய்க்கும் தயிருக்கும் நடுவில் ஒன்று இருக்கும் என்றான். விடிந்தபோது புளித்த வாடைதான் வந்தது. அந்த வருசம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் செத்துக் கிடந்திருக்கிறது.

மூட்டையை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிரீம் போனதற்காக மட்டும் இல்லை.

"விடுக்கா, கப்பல்லயும் கெட்டுப் போயிருக்கு," என்றான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வைகாசிக் கடைசியில் திடீரென்று, "வர்ற புதன்கிழமைக்குச் செஞ்சிரணும்க்கா," என்றான். அந்தப் புதன்கிழமைதான் கம்பத்திலிருந்து பெண்ணின் அப்பா வருவதாக என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எதற்கு வருகிறார் என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அவனிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தோம். அவனுக்குத் தெரியாது என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டு, சரியென்றேன்.

இந்த முறை ஃபிரிட்ஜை நம்பவில்லை. மீன் மார்க்கெட்டில் ஐஸ் பார் வாங்கி, அரிசி மில்லிலிருந்து உமி கொண்டுவந்து, அண்டாவுக்குள் உமியும் ஐஸுமாக நிரப்பி நடுவில் கிரீம் பாத்திரத்தைப் புதைத்தேன். கிரீம் நன்றாகக் கெட்டிப்பட்டது. அந்த பிஸ்கட்டும் இங்கே கிடையாது. பேக்கரியில் வெறும் கேக்கை விரல் நீளத்துக்கு வெட்டி ஓவனில் திரும்பவும் காயவைத்துக் கொடுத்தார்கள். கோகோ தூளைக் குமுளியிலிருந்து என் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். காப்பித்தூள் போடி மலையிலிருந்து வருவது, சிக்கரி கலக்காதது. டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கி ஆறவைத்தேன்.

முட்டையின் மஞ்சள் கருவையும் சீனியையும் ஆவியில் வைத்து அடிக்கிற வேலைதான் கை ஒடிந்துவிடும் போலிருந்தது. கப்பலில் பச்சையாகவே சேர்ப்பதும் உண்டாம். தம்பியின் உடம்புக்குப் பச்சை முட்டை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கை ஓய்ந்து நிறுத்தியபோது அவன் எழுந்து வந்து கரண்டியை வாங்கிக்கொண்டான். முழங்கை எலும்பு துருத்தித் தெரிந்தது. ஆனால் மணிக்கட்டு சுழன்ற வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். அவன் வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மஞ்சள் வெளுத்து நுரைத்து எழும்பியதும் கரண்டியைத் தூக்கி, அது நாடாவாக விழுவதைக் காட்டினான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினான்.

கேக் விரல்களை டிகாக்ஷனில் நனைக்கும் வேலையை என்னிடம் விடவே இல்லை. "ஊற விட்டா கஞ்சியாப் போயிரும். தொட்டு எடுத்துரணும்." எவர்சில்வர் தட்டில் வரிசையாக அடுக்கி, மேலே முட்டை நுரை கலந்த பாலேட்டைப் பரப்பி, திரும்பவும் அடுக்கி, தட்டை மூடி உமிக்குள் இறக்கி வைத்தோம்.

புதன்கிழமை மதியம் பெண்ணின் அப்பா தனியாக வந்தார். கையில் துணிப்பை. நிச்சயத்துக்கு நாங்கள் வைத்த பட்டுச்சேலையும் மோதிரமும் அதற்குள் இருக்கும் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தான். சட்டை தொளதொளவென்று கிடந்தது.

அவர் அவனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்படிய்யா இருக்கீக?"

"தேவலை மாமா."

மாமா என்ற வார்த்தையில் அவர் முகம் கோணிப்போனது. "அம்மா எங்கன இருக்காக?" என்று என்னிடம் கேட்டார்.

"உள்ள இருக்காக. தலைவலி," என்றேன்.

பையை எடுப்பதா வேண்டாமா என்று மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். தம்பி என் பக்கம் திரும்பி, "தட்ட எடுத்துட்டு வாக்கா," என்றான்.

நான் உமியைத் தட்டிவிட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். டீ வடிகட்டியில் கோகோ தூளைப் போட்டு அவனே மேலே தூவினான். பிசிறில்லாமல் ஒரு சதுரம் வெட்டிக் கிண்ணத்தில் வைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். அந்தச் சமயத்தில் அவன் எங்கள் வீட்டுக் கூடத்தில் இல்லை. எங்கேயோ வெள்ளை விரிப்புப் போட்ட மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

அவர் சாப்பிட்டார். முதல் கரண்டிக்குப் பிறகு நிறுத்தினார். பிறகு அவசர அவசரமாக எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தபோது கண் கலங்கியிருந்தது.

"நல்லா இருக்குய்யா. நீங்க செஞ்சீகளா?"

"அக்காதான் செஞ்சாக. நான் சொல்லிக் குடுத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "நீங்க எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும் மாமா. நீங்க செய்யுறதுதான் சரி. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாலும் அக்காவும் நானும் இதத்தான் செஞ்சிருப்போம்."

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பையை நான்தான் வாங்கிக்கொண்டேன். அவர் எழுந்தபோது தம்பி டிபன் பாக்ஸில் ஒரு துண்டு வைத்து நீட்டினான்.

"அந்தப் பிள்ளைக்குக் குடுங்க. பஸ்ஸுல உருகிரும். போன ஒடனே சாப்பிடச் சொல்லுங்க."

அவர் அதை வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனார். அவள் அதைச் சாப்பிட்டாளா என்று எங்களுக்குத் தெரியாது. டிபன் பாக்ஸ் திரும்பி வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த ஆவணியிலேயே அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

அவர் போன பிறகு அவனுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்திருந்தான்.

"எப்படிடா இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்கு. அம்புட்டுத்தான்." கரண்டியை என் பக்கம் நீட்டினான். "நீ தின்னுட்டுச் சொல்லு."

தின்றேன். "மொதல்ல கசக்குது. அது போறதுக்குள்ள பாலேடு வந்து மூடிக்கிருது. பெறகு திரும்பவும் காப்பி வருது."

"கேக்கு?"

"ஊறியிருக்கு. ஆனா குழையல."

"அப்ப சரியாத்தான் வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

அம்மா கதவைத் திறந்து வந்தபோது தட்டில் பாதி மிச்சம் இருந்தது. அவன் கையால் ஆனது, ஒரு வாய் சாப்பிடும்மா என்றேன். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வேண்டுதல் இருக்கேத்தா," என்றாள். மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம்.

மழைக்காலத்தில் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. தை பிறக்கும்வரை இருந்தான். கடைசி வாரங்களில் மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகத்தான் எல்லாம் இறங்கியது. ருசி திரும்ப வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த தை மாதம், அவன் திதிக்கு முந்தின நாள், அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். படையலில் அவனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும்.

"அந்தக் காப்பி இனிப்பச் செய்வமாத்தா? முட்டை போட்டாலும் பரவால்ல."

கப்பலில் நின்றுகொண்டே, அந்த இனிப்பின் தட்டோரத்தில் ஒட்டிய துணுக்குகளைத்தான் தின்றிருப்பதாகச் சொல்லியிருக்கிறான். அது அவனுக்குப் பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"அது அவன் அடுத்தவகளுக்குச் செஞ்சதும்மா."

"அப்ப எம்பிள்ளைக்கு என்னதான் பிடிக்கும்?"

இரண்டு பேரும் யோசித்தோம். சின்னப் பிள்ளையில் கருப்பட்டிப் பணியாரம் கேட்டு அழுவான். அதற்குப் பிறகு படிப்புக்கு விடுதி, பிறகு கப்பல். வருசத்தில் ஒரு மாதம் வீட்டில் இருக்கும்போது போட்டதைத் தின்பான், நல்லா இருக்கும்மா என்பான். அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. அம்மா அரிசியை ஊறப்போட்டாள். நான் கருப்பட்டியைத் தட்ட உட்கார்ந்தேன்.