சூசையப்பருக்குப் போன ஒலிவ விறகு

பலெர்மோவில் குளிர் இல்லை என்று சொல்பவர்கள் அங்கே வீட்டுக்குள் இருந்து பார்க்காதவர்கள். தை, மாசியில் வெளியே வெயிலில் வெறும் சட்டையோடு நடக்கலாம். வீட்டுக்கு வந்தால்தான் கம்பளிச் சட்டையைத் தேட வேண்டும். போர்கோ வெக்கியோ என்ற பழைய பகுதியின் கல் வீடுகள் அப்படி. கோடையில் உறிஞ்ச மறந்த குளிரையும் சேர்த்து மாரியில் உறிஞ்சி வைத்திருக்கும். மன்னாரில் வள்ளத்தில் வளர்ந்த பீலிக்ஸுக்கு இது விளங்கப் பல வருடங்கள் பிடித்தன. விளங்கியபோது விறகு சேர்க்கத் தொடங்கினான்.

அவனுக்கு மொந்தெல்லோப் பக்கத்துப் பெரிய வீடுகளில் தோட்ட வேலை. ஒலிவும் வாதுமையும் எலுமிச்சையும் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில், வெட்டிய கிளைகளை எங்கே கொட்டுவது என்று வீட்டு எசமானிகளான சிஞ்ஞோராக்கள் கவலைப்படுவார்கள். பீலிக்ஸ் தன் மூன்று சில்லு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அப்படி ஒரு சிஞ்ஞோரா எறியப் போன இரும்பு அடுப்பு ஒன்றும் அவனோடு வந்தது. வீட்டுச் சுவரில் பழைய புகைபோக்கி இருந்தது. குழாயைப் பொருத்தி, விறகை வைத்து, மனைவி விமலராணியை அழைத்துப் பெருமையோடு பற்றவைத்தான்.

அது ஒரு கிழமை முன்னால் வெட்டிய எலுமிச்சை. நெருப்பைத் தவிர மற்ற எல்லாம் வந்தது. இருவரும் பல்கனியில் நின்று கண்ணைக் கசக்கியபடி இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

“என்னை மாசிக்கருவாடு ஆக்கப் போறீங்களோ?” என்றாள் விமலராணி.

அதுவரை பகிடிதான். ஆனால் அதே கிழமை, உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள், குரலை உயர்த்தாமல் வேறொன்றும் சொன்னாள். அவள் தங்கை கிளறா வடக்கே பொலோஞாவில் இருக்கிறாள். அங்கே சுவரோரம் குழாயில் சுடுதண்ணீர் ஓடுகிறது, வீட்டுக்குள் கை இல்லாத சட்டை போடுகிறார்கள். இன்னும் சில குளிர் பார்ப்பாளாம், சரிவராவிட்டால் பொலோஞாவுக்குப் போவாளாம். விமலராணி கத்தினால் பீலிக்ஸ் பயப்பட மாட்டான். உடுப்பு மடித்தபடி சொன்னால் பயப்படுவான்.

அன்றிலிருந்து அவன் விறகை மதித்தான். முதலில் ஊரில் மாரிக்கு மூடுவதுபோல நாலு பக்கமும் பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றினான். திறந்து பார்த்தபோது கட்டைகளில் வெள்ளைப் பூஞ்சை, நல்ல ஊறுகாய் மாதிரி. பிறகு தெரிந்துகொண்டான்: தலையை மட்டும் மூடு, பக்கங்களைக் காற்றுக்கு விடு. ஒலிவ மரம் நேராகப் பிளக்காது, கயிறு முறுக்கினதுபோல உள்ளே முறுகிக் கிடக்கும். கோடாலி போட்டால் கோடாலியையே பிடித்து வைத்துக்கொள்ளும். அறுத்த முகத்தில் வெடிப்பு எங்கே ஓடுகிறதென்று பார்த்து, அதில் இரும்பு ஆப்பை வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். மனமில்லாத ஆளிடம் சம்மதம் கேட்பதுபோலப் பொறுமையாக அடிக்க வேண்டும். பிளந்ததை முற்றத்தில், படிக்கட்டின் கீழே, காற்று ஊட நுழைய இடைவெளி விட்டு அடுக்கினான். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவான். ஈரம் என்றால் ‘தொப்’ என்று கேட்கும். இரண்டு கோடையும் இரண்டு குளிரும் போன பிறகுதான் ‘டங்’ என்றது. வேலையால் வந்ததும் முகம் கழுவ முதல் ஒருதரம் தட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

இடைப்பட்ட குளிர்களை மின்சார ஹீற்றரோடு ஓட்டினார்கள். வருகிற குளிர்தான் அவன் ஒலிவுக்குச் சோதனை.

அதற்குள் வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகக் கதை வந்தது. உல்லாசப் பயணிகளுக்கு அறை விடுகிறவர்கள் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாதக்கணக்கில் இழுபட்டு, பங்குனி பிறந்ததும் வீட்டுக்காரரே வந்தார். விற்கவில்லை, வேணுமென்றால் தொடர்ந்து இருங்கள் என்றார். பீலிக்ஸ் மாடி முழுக்கக் கேட்கச் சிரித்தான். விமலராணி “ஓம்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தேங்காய் திருவப் போனாள். அவளுக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பீலிக்ஸால் அறிய முடியவில்லை. தேங்காய்ப்பூ மட்டும் வழக்கத்தைவிடப் பொடியாக விழுந்தது.

சூசையப்பர் திருநாளுக்குச் சில நாள் இருக்கையில், வேலையால் வந்து முகம் கழுவ முதல் படிக்கட்டின் கீழே குனிந்தான். விறகு இல்லை. ஒரு துண்டுகூட இல்லை. நிலம் கூட்டித் துப்புரவாக இருந்தது.

திருடன் கூட்டிவிட்டுப் போக மாட்டான் என்று நினைத்துக்கொண்டே படியேறினான்.

“விமலா, விறகு எங்கை?”

“சூசையப்பருக்குக் குடுத்திட்டன்.”

“முழுக்கவோ?”

“பிறகென்ன, பாதி குடுக்கிறதோ?”

தேத்தண்ணியை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

திருநாளுக்கு முதல்நாள் மாலை போர்கோவின் சந்துகளில் மரங்களைக் குவித்துக் கொளுத்துவார்கள். அதற்காகப் பொடியன்கள் வீடு வீடாகக் கேட்டு வருவார்கள். சனம் உடைந்த கதிரை, பூச்சி அரித்த மேசை லாச்சி, கால் போன கட்டில் என்று கழிக்க வேண்டியதைக் கொடுக்கும். காய்ந்த ஒலிவைக் கொடுத்த ஆள் போர்கோவின் சரித்திரத்திலேயே விமலராணியாகத்தான் இருப்பாள். ஊரில் திருநாளுக்கு வலையில் ஏறின நல்ல மீன்தான் கோயிலுக்குப் போகும். உடைந்த கதிரையை ஒரு புனிதருக்குக் கொடுக்கிற வழக்கம் மன்னாரில் இல்லை.

அது பீலிக்ஸுக்கு விளங்கியது. அவனைக் குடைந்தது வேறு. வருகிற குளிருக்கு இங்கே இருக்க நினைக்கிறவள் விறகைக் கொடுப்பாளா? கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அதுதான் பயம்.

ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. கோயிலுக்குக் கொடுத்த மீனைப் பூசை முடியக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். கொடுத்தவனே கேட்டு எடுத்துக்கொண்டு போகலாம், குற்றமில்லை. பீலிக்ஸ் அடுத்த நாளே எமிலியானாவிடம் போனான். அவள் சந்தை மூலையில் கடலைமாத் துண்டுகளைப் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்கிறவள். நெருப்புக்குச் சேர்த்த மரம் அவள் கடைக்குப் பின்னால், கூரை விழுந்த வீட்டுக்குள், கண்டால் அள்ளிக்கொண்டு போகிற நகரசபை வண்டியின் கண்ணில் படாமல் இருந்தது. அவளைக் கேட்காமல் ஒரு ஈர்க்கும் அசையாது.

எப்போது ஏலம் விடுவீர்கள் என்று பீலிக்ஸ் கேட்டான். என்ன ஏலம் என்றாள் எமிலியானா. அவன் மீனிலிருந்து தொடங்கி விளங்கப்படுத்தினான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

“அப்படியென்றால் உங்கள் ஊர்ப் புனிதர் கடை வைத்திருக்கிறார்,” என்றாள். “எங்களுடையவர் நெருப்பு மட்டும்தான் வைத்திருக்கிறார். விறகு தந்தது உன் மனைவி. அவளைக் கேள், ஃபெலீச்சே.”

பீலிக்ஸை அவள் அழைப்பது அப்படித்தான். சூடான பொரியல் வைத்த பாண் ஒன்றைச் சும்மா கொடுத்து அனுப்பினாள்.

திருநாளுக்கு முதல்நாள் மாலை குவியல் வெளியே வந்தது. அடியில் பீலிக்ஸின் ஒலிவு, அதற்கு மேல் கதவுகள், கட்டில்கள், உச்சியில் ஒரு அலுமாரி. கொளுத்தினார்கள். அலுமாரி பற்றின வேகத்தில் முதலாம் மாடிக்காரி கொடியில் கிடந்த உடுப்பை இழுத்தெடுத்தாள். விமலராணி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அந்த வெளிச்சத்தில் அவள் முகம் சந்தோசமாக இருப்பதைக் கண்டு பீலிக்ஸ் துணிந்தான்.

“பொலோஞாவுக்குப் போறியோ?”

“ஆர் சொன்னது?”

“நீதான்.”

“அது எலுமிச்சைப் புகைக்குச் சொன்னது.” அவள் நெருப்பைப் பார்த்தபடியே நின்றாள். “வீடு எங்களோடை நிண்டா நல்லதாப் பாத்துக் குடுக்கிறன் எண்டு சூசையப்பருக்கு நேந்தனான். வீடு நிண்டுது. வீட்டிலை நல்லதா வேறை என்ன கிடக்கு?”

பீலிக்ஸுக்குப் பெருமைப்படுவதா வயிறெரிவதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தான்.

“அப்ப வாற குளிருக்கு?”

“நீங்கள் இருக்கிறியள்தானே. கொத்துங்கோ.”

அந்த நேரம் தீயணைப்பு வண்டி சந்துக்குள் வந்தது. ஒவ்வொரு வருடமும் வரும். தண்ணீர் பாய்ந்தது, சனம் விசிலடித்தது, புகையும் நீராவியுமாக எல்லோரும் கலைந்தார்கள்.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் பீலிக்ஸ் வண்டியை நிறுத்தினான். அலுமாரி, கதவு, கட்டில் எல்லாம் சாம்பல் சேறாகக் கிடந்தன. நடுவில் அவனுடைய ஒலிவக் கட்டைகள் கிடந்தன. கறுத்து, நனைந்து, ஆனால் கிடந்தன. தடித்த கட்டை அவ்வளவு இலேசில் பற்றாது. மேலே எரிந்ததெல்லாம் எரிந்து முடிய முதல் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றைக் கத்தியால் சுரண்டினான். உள்ளே தேன் நிறம்.

எமிலியானா கடை திறந்துகொண்டிருந்தாள். புனிதர் தனக்கு வேண்டியதை எடுத்துவிட்டார், மற்றது நகரசபை வண்டிக்கு என்று கையைக் காட்டினாள். பீலிக்ஸ் அதை நம்பத் தயாராக இருந்தான். ஆனால் நேர்த்தி அவனுடையது இல்லை. விமலராணிக்குப் போன் எடுத்தான்.

அவள் செருப்போடு வந்தாள். குவியலைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். பீலிக்ஸ் தீர்ப்புக்குக் காத்திருந்தான். பலெர்மோவில் இவ்வளவு வருடத்தில் எந்த அலுவலகத்திலும் அவன் அப்படி நின்றதில்லை.

“திருநாள் முடிஞ்சாக் கோயிலிலை மிச்சத்தைப் பகிர்ந்து குடுக்கிறவைதானே,” என்றாள் கடைசியில்.

அவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். இருவரும் ஏற்றினார்கள். வீட்டு முற்றத்தில் இறக்கியபோது இருவருடைய கையும் முகமும் கரி. படிக்கட்டின் கீழே அவன் அடுக்கத் தொடங்கினான். அவள் இரண்டு துண்டுகளை எடுத்துக் காதோரம் வைத்து, அவனைப்போலவே தட்டினாள்.

‘தொப்.’

“மேலை மட்டும் மூடுங்கோ,” என்றாள். “சுத்தி இறுக்காதையுங்கோ. மார்கழிக்குக் காஞ்சிட வேணும்.”