ஆட்டுத்தொடைக்கு ஏற்ற கரி

மகளின் கல்யாணப் பேச்சு ஒரு மூட்டை கரியில் வந்து நிற்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பையன் நல்லவன். ஈப்போவில் என் மகள் வேலை செய்யும் அலுவலகத்தில்தான் அவனும் இருக்கிறான். அவனுடைய அப்பாவுக்குச் சம்மதம். அம்மாதான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றாராம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மகள் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அவனுடைய அப்பா அம்மா இருவரும் தங்கள் ஊரான சுங்காயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. முறையாகப் பெண் பார்க்க வருவதென்றால் கேசரியோடு என் மனைவி முடித்திருப்பாள். இது சும்மா வந்து போவது. அதனால் அசைவம். பையன் வேறு என் புகை அடுப்பைப் பற்றி வீட்டில் பெருமையடித்துத் தொலைத்திருந்தான்.

புகை அடுப்பு என்பது வேறொன்றுமில்லை. புந்தோங் பக்கத்துப் பட்டறை ஒன்றில் எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, மூடியும் புகைக்குழாயும் வைத்துக் கொடுத்தார்கள். ஐம்பதைத் தாண்டியதும் சிலர் பக்தியில் இறங்குகிறார்கள், சிலர் சைக்கிள் வாங்குகிறார்கள். நான் பீப்பாய் வாங்கிக் கொல்லையில் வைத்தேன். இறைச்சியைப் புகையில் வேகவைப்பது பற்றி நான் படிக்காதது கொஞ்சம். படிப்புக்கும் சமையலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை என் குடும்பம் பலமுறை மென்று பார்த்திருக்கிறது.

“அவங்கப்பா எஸ்டேட்ல வளந்தவருப்பா. ரப்பர் மரக்கரியிலதான் சுட்டுத் தின்னாங்களாம். அவருக்குக் கரியப் பத்தித் தெரியும்,” என்றாள் மகள்.

அன்றிலிருந்து எனக்குக் கரியைத் தவிர வேறு நினைவில்லை.

கரி விற்கும் சீனர் கடையில் மூன்று வகை இருந்தது. முதலாவது பாக்காவ், தைப்பிங் பக்கத்துக் கடலோரச் சூளைகளில் வெந்து வரும் சதுப்புக்காட்டு மரத்தின் கரி. இரண்டு துண்டைத் தட்டினால் கணீர் என்னும், நின்று எரியும். அடுத்தது ரப்பர் மரக்கரி. எடை கம்மி, சட்டென்று பற்றிக்கொள்ளும். சரியாக வேகாத துண்டு ஒன்று கலந்துவிட்டால் கண்ணெரிச்சல்தான். மூன்றாவது, தேங்காய்ச் சிரட்டையைப் பொடித்து அழுத்திய கட்டிகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே முகம், பள்ளி இறைவணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகள் போல.

ரப்பர் கரியை வாங்கினால் பையனின் அப்பா என் இறைச்சியைத் தன் சின்ன வயதோடு ஒப்பிடுவார். ஒருவருடைய சின்ன வயதோடு போட்டி போட்டு ஜெயித்த சமையல்காரன் கிடையாது. வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்பார். சிரட்டைக் கட்டியைப் பார்த்தாலோ, பெண்ணின் தகப்பனுக்கு எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார். நான் ஒவ்வொரு துண்டாகத் தட்டினேன், முறித்தேன், முகர்ந்தேன்.

“அங்கிள், கரிதானே வாங்குற? மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குறியே லா!” என்றார் கடை முதலாளியான தவுக்கே.

உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்ததில் எனக்கு வியர்த்துவிட்டது. பாக்காவ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஈப்போவில் மழைக்கு நேரம் காலம் கிடையாது என்பதால், சமையலறை மூலையில் பத்திரமாக வைத்தேன்.

ஞாயிறு விடிந்ததும் பீப்பாயின் ஒரு ஓரத்தில் கொஞ்சம் கரியைப் பற்றவைத்து, மசாலா தடவிய ஆட்டுத்தொடையை மறு ஓரத்துக் கம்பிமேல் ஏற்றினேன். தணல் பிடித்ததும் மூட்டையில் இருந்த மீதியை அப்படியே கவிழ்த்து மூடியை இறக்கினேன். குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அடர்த்தியாக, நிற்காமல். கரி ஈரமோ என்று பதறிக் காற்றுத் துளையைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அப்புறம்தான் வாசம் மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வாசம்.

மனைவி கொல்லைக்கு ஓடி வந்தாள். “ஐயோ, என்னங்க, அந்தச் சாக்குல சாம்பிராணிப் பொட்டலம் இருந்துச்சே!”

“கரிச் சாக்குல சாம்பிராணி எதுக்கு?”

“வெள்ளிக்கெழம தூபத்துக்கு ரெண்டு கரி எடுத்தேன். மிச்சப் பொட்டலம் நமுத்துப் போவும்னு அதுக்குள்ளயே வெச்சேன். கரி ஈரத்த இழுத்துக்கும்ல? எங்க வீட்ல அப்படித்தான் வெப்பாங்க. கடைல போயி ஒவ்வொரு கரியாத் தட்டத் தெரியுது, சாக்குக்குள்ள எட்டிப் பாக்கத் தெரியலையா?”

தொடையைக் கழுவிப் பார்த்தோம், எலுமிச்சை தேய்த்தோம். அது இன்னும் பக்தியோடுதான் மணந்தது.

“மாமாக் சாப்பாட்டுக் கடைல பிரியாணி வாங்கிட்டு வாரேன். நாமதான் செஞ்சோம்னு சொல்லிரலாம்,” என்றேன்.

“அப்பா, வேணாம். பொய்யின்னு அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அதோட முடிஞ்சிச்சு,” என்றாள் மகள்.

வேறு வழியில்லாமல் அதையே மறுபடி கம்பியில் ஏற்றினேன்.

மதியம் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பையனின் அப்பா மூக்கை உயர்த்தினார். “வீட்ல பூசையா அண்ணே? அப்ப... சைவமா?” அவர் முகம் தொங்கிவிட்டது.

“இல்ல, ஆடுதான்,” என்றேன். எனக்கே சந்தேகமாக இருந்தது.

தட்டில் வைத்தோம். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, கண்ணை மூடித் திறந்தார். “எஸ்டேட்டு முனியாண்டி பூசையில கெடா வெட்டுவாங்கல்ல, அந்தக் கறி மாதிரியே இருக்கு!” கரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் எங்களுக்கு வேண்டியது அவர் தீர்ப்பு அல்ல. பையனின் அம்மா மெதுவாக மென்றுகொண்டிருந்தார். மகள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். ஒரு கவளமும் வாய்க்குப் போகவில்லை.

“கறி நல்லா வெந்திருக்கு,” என்றார் அந்த அம்மா கடைசியில். “ஆனா அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவ நாங்க வாரப்ப நீங்க அந்த அடுப்புப் பக்கமே போவாதீங்க. நானே வீட்ல செஞ்சு எடுத்துட்டு வாரேன்.” பிறகு மகள் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா பெசஞ்சுகிட்டே இருக்க? சாப்புடு.”

மகள் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். அவள் காதிலும் ‘அடுத்த தடவ’ விழுந்திருந்தது.

எந்தக் கரியில் செய்வீர்கள் என்று நான் கேட்க வாயெடுத்தேன். மனைவி என் தட்டில் ஒரு பெரிய துண்டை வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு பெரிய துண்டை அவள் எனக்கு வைத்ததில்லை.