தலவாக்கலைக்கு ஒரு கண் கேட்டுப் போன கதை

தலவாக்கலைக்கு எப்படிப் போவது, என்ன எடுத்துப்போவது என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் அந்த ஊருக்கு முதன்முதலில் போனது 1962 புரட்டாசியில். அருவி பார்க்கவோ குளிரை அனுபவிக்கவோ அல்ல. ஒரு குரங்கின் கண்ணைக் கேட்டுப் போனேன். சிரிக்க வேண்டாம். அப்போது அதுதான் என் உத்தியோகம்.

பேராதனையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். வயது இருபத்துமூன்று. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையை மெல்லிசாகச் சீவி, வெள்ளிச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது என் வேலை. வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் அடுத்த அடுக்குக்குச் செய்தி சொல்லும்; அந்த அடுக்கு அதற்கடுத்ததற்குச் சொல்லும்; கடைசி அடுக்கின் இழைகள் மூளைக்குப் போகும். எது எதனோடு பேசுகிறது என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. மாட்டுக் கண் இறைச்சிக் கடையிலேயே கிடைத்தது. ஆனால் நமக்கு இருப்பதுபோல விழித்திரையின் நடுவில் ஒரு சின்னக் குழி குரங்குக்குத்தான் உண்டு. அந்தக் குழியில் ஒரு செல் ஒரே ஒரு செல்லோடு மட்டும் பேசும் என்று புத்தகத்தில் படம் போட்டிருந்தார்கள். அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பித்துப் பிடித்து அலைந்தேன்.

அதற்கு முன் வந்த குரங்குக் கண்கள் இரண்டும் வழியிலேயே கெட்டுப்போயின. உயிர் போனதும் சீக்கிரம் மருந்தில் போடாவிட்டால் விழித்திரை கூழாகிவிடும். இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் குடற்புழுப் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்குக் குடற்புழுவோடு விரோதம் ஒன்றும் இல்லை. தினமும் அதன் முகத்தில் விழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பேராதனைச் சந்தியில் காலை ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்புக் கட்டணம் இரண்டு ரூபாய் சொச்சம். தூரம் நாற்பத்தாறு மைல் வரும். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி நல்லது என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். நான் கிடைத்த இடத்தில், ஆரஞ்சு நிற மருந்து நிரம்பிய போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே இருந்த அம்மாள் அதை ஆரஞ்சுச் சாறு என்றே நம்பி, பிள்ளைக்கு ஒரு வாய் கேட்டார். ஹட்டனில் வடை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

தலவாக்கலையில் தேயிலைத் தோட்டத்து லொறி காத்திருந்தது. சாரதி மாரிமுத்து அண்ணன் மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி விட்டிருந்தார். தோட்டத்துக்கு நாலு மைல். வளைவு வளைவாக அவர் ஓட்டிய ஓட்டில் போத்தலும் நானும் ஒன்றாகத் துள்ளினோம்.

"பயப்படாதீங்க மிஸ். இந்த ரோட்டுல நான் கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்," என்றார்.

தங்கியது தோட்டத்து மருந்தாளர் ஞானப்பிரகாசம் ஐயாவின் வீட்டில். எங்களுக்குக் கடிதம் எழுதி வரச் சொன்னவரே அவர்தான். மரக்கறிப் பாத்திகளைக் குரங்குகள் சூறையாடுகின்றன, காவல்காரர் அடிக்கடி ஒன்றைச் சுடுவார், கண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். நான் போனதும் தலையைச் சொறிந்தார்.

"தப்பு நடந்துபோச்சு மிஸ். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், எனக்கு ஞாபகமில்ல. இது புரட்டாசி மாசமாம். காவக்காரர் துப்பாக்கிய எண்ணெய் போட்டுத் தொடச்சு மேல வச்சிட்டாரு. மாசம் முடியாம தொட மாட்டாராம்."

அன்றிரவு சூடான ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் சாப்பிட்டேன். குடற்புழு ஞாபகம் வந்தும் நாலு ரொட்டி உள்ளே போயின. அப்படி ஒரு குளிர்.

மறுநாள் சனிக்கிழமை காலை மருந்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தபோது தப்பு மேளச் சத்தம் கேட்டது. சாவுக்கு அடிக்கும் அடி. ஐயா எழுந்து கதவைப் பாதி சாத்தினார்; சாவு தெருவில் போகும்போது அப்படித்தான் செய்வார்கள். நானும் தலையைக் குனிந்து நின்றேன். பனிமூட்டத்தில் நாலைந்து பேர் எதையோ தூக்கிப் போவது மங்கலாகத் தெரிந்தது. குழந்தை போலிருக்கிறது என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. ஊர்வலம் கடந்து போனதும் இருமல் மருந்துக்கு ஒரு பெண் வந்தார்.

"யாரும்மா தவறிட்டாங்க?" என்று ஐயா கேட்டார்.

"ஆஞ்சநேயருதாங்க. விடிஞ்சு லொறி எடுக்கறப்ப மாரிமுத்து அண்ணன் அடிச்சுப்புட்டாரு. ஸ்டோரு வளைவுலதான் அடக்கம் பண்ணப் போறாங்க."

எந்தக் கண்ணைத் தேடி வந்தேனோ அது பட்டுத்துணி போர்த்திக்கொண்டு என் முன்னாலேயே போயிருக்கிறது. நான் பயபக்தியோடு வழிவிட்டு நின்றிருக்கிறேன்! போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஐயா மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

ஸ்டோரு என்று அவர்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் வளைவில் குழி வெட்டி முடித்திருந்தார்கள். குரங்கின் நெற்றியில் திருநாமம், கழுத்தில் மாலை. பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்ற ஆளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. மாரிமுத்து அண்ணன் மீசையை மழித்திருந்தார். குரங்கைக் கொன்றவர் மகன் இடத்தில் நின்று காரியம் செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆகவே கேட்பதென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"கண்ணையா? எதுக்குங்க மிஸ்?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. செல், நரம்பு என்று ஆரம்பித்து நானே குழம்பினேன். பிறகு முந்தின நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பார்த்தது கைகொடுத்தது. "அண்ணே, பத்துப் பேர் பறிச்ச கொழுந்தை ஒரே சாக்குல கொட்டினா எது யாருடையதுன்னு தெரியுமா? கண்ணுல முக்கால்வாசி இடம் அப்படித்தான். பல செல் சேர்ந்து ஒரு செல்லுக்குச் சொல்லும். நடுவுல ஒரு சின்னக் குழியில மட்டும் ஒருத்திக்கு ஒரு சாக்கு. கலப்பே இல்லை. அதனாலதான் ஊசியில நூல் கோக்க முடியுது, முகத்தைப் பார்த்து ஆளைத் தெரியுது. மாட்டுக்கு அந்தக் குழி இல்லை. நமக்கும் குரங்குக்கும் இருக்கு."

மாரிமுத்து அண்ணன் குனிந்து குரங்கின் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப அது என்னைய நல்லாவே பாத்திருக்கும்," என்றார். "நாந்தான் பாக்கல."

"கண்ணில்லாம எப்படிடா அனுப்புறது?" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

"ஒண்ணு இருந்தா வழி தெரியும் மாமா. ஒண்ண மிஸ் எடுத்துக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "ஆனா அதுல என்னா தெரிஞ்சுச்சுன்னு வந்து எனக்குச் சொல்லணும்."

நாலு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். ஐயாவின் கத்தரிக்கோலால் எடுத்து மருந்தில் போட்டேன்.

வெள்ளிச் சாயம் ஒரு சூதாட்டம். சில செல்களைப் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். எதைப் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தகடு தகடாகப் பார்த்து ஏமாந்தேன். கார்த்திகையில் ஒரு மழை நாள் அது கிடைத்தது. மஞ்சள் பின்னணியில் கறுப்பாக, வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒரு கூம்புச் செல்லின் பாதம். அதைத் தொட்டுக்கொண்டு ஒரே ஒரு குட்டிச் செல். பக்கத்தில் வேறு எதையும் அது தொடவில்லை. நான் போட்ட கூச்சலில் பேராசிரியர் தேநீரைக் கொட்டிக்கொண்டார். குடற்புழுக்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டன.

தைப்பொங்கல் கழிந்து, அதைப் பெரிதாக வரைந்து கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துப்போனேன். மாரிமுத்து அண்ணனுக்கு மீசை பாதி வளர்ந்திருந்தது. லொறி நிதானமாக ஏறியது. வளைவில் நிறுத்தி, இறங்கி, முன்னால் பார்த்துவிட்டு வந்து மறுபடி எடுத்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மேல இருக்கிறது பாக்குற ஆளு, கீழ கேக்குற ஆளு. ரெண்டு பேருக்கும் நடுவுல யாருமில்ல. அப்படித்தானே மிஸ்?"

அதைவிட நன்றாக நான் இன்றுவரை யாருக்கும் விளக்கியதில்லை. என் மனம் நிறைந்துவிட்டது.

கேட்ட வாசகிக்கு: கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துப்போங்கள், ஒன்று எப்படியும் நனையும். புரட்டாசியில் போனால் தோட்டத்தில் கோழிக்கறி எதிர்பார்க்க வேண்டாம். தொழிற்சாலை வளைவில், அந்தக் குரங்கை அடக்கம் பண்ணிய இடத்தில், ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. வண்டியை மெதுவாக விடச் சொல்லுங்கள். உள்ளே அனுமாருக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு படம், மேலெல்லாம் சந்தனமும் குங்குமமும். இது என்ன சாமி என்று கூட வருபவர்கள் கேட்டால் சொல்லுங்கள், கடைசியாக மாரிமுத்து அண்ணனைப் பார்த்த கண்.