சுப்பவைசர் இல்லாத நரம்பு

1. பொய்க்காரி

"நோகாது பிள்ளை" என்றேன் நான்.

"பொய்" என்றாள் ஹஸ்னா. "ஊசி போடுற மிஸ்ஸும் அப்படித்தான் சொன்னா."

புத்தளம் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றுக்கு பிசியோதெரப்பிஸ்டாக மாற்றலாகி வந்த முதல் நாள் அது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குத் தந்த அறையில் அதுவரை உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள். கட்டில்களை எடுத்துவிட்டார்கள், கதவில் 'உடைந்தவை' என்று எழுதியிருந்ததை மட்டும் அழிக்கவில்லை. அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த முதல் நோயாளி ஹஸ்னா. எட்டு வயது.

கூட வந்தவர்கள் அவளுடைய வாப்பா நசீரும் உம்மா றமீசாவும். நசீர் முந்தல் ஊர்ப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் வேலை செய்தார்.

"புள்ளைக்கு ஒண்டும் இல்ல மிஸ். சோம்பல்" என்றார் நசீர். "நடக்கச் சொன்னா விழுவா. ஓடச் சொன்னா ரெண்டு தரம் விழுவா."

"சோம்பல்காரர் படுப்பாங்க வாப்பா. விழமாட்டாங்க" என்றாள் ஹஸ்னா.

அவளுடைய சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தன. முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினேன். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினேன்.

"வீட்ட யாரும் இல்ல மிஸ், எவ்வளவு தட்டினாலும்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே மற்றக் காலையும் தட்டிப் பார்த்தேன், அதுவும் துள்ளவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்குத் தட்டினால் கால் துள்ள வேண்டும்.

றமீசாவுக்கோ வேறு கவலை. "முடியைப் பார்க்காதீங்க மிஸ். காலையில சீவித்தான் கூட்டி வந்தது. கால் மணித்தியாலத்தில இப்படி ஆயிடும்." ஹஸ்னாவின் முடி பளபளப்பே இல்லாமல், தேங்காய்த் தும்பு மாதிரிச் சுருண்டு சுருண்டு நின்றது. தாய்க்கும் தகப்பனுக்கும் நேரான முடி.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும்போது, வார்ட் டொக்டரிடம் பிள்ளையின் காலைப் பற்றிச் சொன்னேன். கூடவே முடிக் கதையையும் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வரும் நரம்பு டொக்டருக்கு அன்றே போன் எடுத்தார். பதில் உடனே வந்தது: அடுத்த கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், நான் அந்த முடியைப் பார்க்க வேண்டும்.

2. முடியைப் பார்க்க வந்த டொக்டர்

றமீசாவுக்கு நானே தகவல் சொன்னேன். "பெரிய டொக்டர் பிள்ளையின்ர முடியைப் பார்க்க வேணுமாம்."

"முடியையா?"

"ஓம், முடியைத்தான்."

அந்தச் செய்தி ஒரு தாயின் காதில் எப்படி விழும் என்று நான் யோசிக்கவில்லை. கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் ஒருவர் தன் பிள்ளையின் முடியைப் பார்க்க வருகிறார். றமீசா என்ன செய்வாள்? முதல் நாளே ஹஸ்னாவைப் புத்தளம் டவுனுக்குக் கூட்டிப்போய், பியூட்டி பார்லரில் உட்கார்த்தி, சூட்டுக் கோலால் ஒவ்வொரு மயிரையும் இழுத்து நேராக்கிவிட்டாள்.

நரம்பு டொக்டர் உயரமான, மெதுவாகப் பேசும் சிங்களவர். ஹஸ்னா உள்ளே வந்தாள். முடி பட்டுப் போல முதுகில் வழிந்தது. நடை மட்டும் தள்ளாடியது.

டொக்டர் காகிதத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது வேறு பிள்ளையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. முந்திக்கொண்டு ஹஸ்னா சொன்னாள்: "நேத்து அயன் போட்டாங்க டொக்டர். காதும் சுட்டுச்சு."

நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. பிறகு நர்ஸிடம், "கழுவுங்கள்" என்றார்.

வார்டு பேசினில் ஹஸ்னாவின் தலையைக் குனியவைத்து, நர்ஸ் தன் கைப்பையிலிருந்த ஷாம்பூவைப் போட்டுக் கழுவினாள். துவாயால் துடைக்கத் துடைக்க முடி ஒவ்வொரு கொத்தாகச் சுருண்டு எழும்பியது. டொக்டர் கிட்டப்போய்க் குனிந்து நின்று, கிரிக்கட்டில் சிக்ஸர் பார்ப்பவர் போல ஒவ்வொரு சுருளுக்கும் "ஆ!" என்றார்.

றமீசா அழத் தொடங்கினாள். "காலையில இருந்து பகல் வரை குந்தி எடுத்தது மிஸ்!"

டொக்டர் நாலு மயிரை நறுக்கிக் கடதாசியில் மடித்து வைத்தார். பிறகு பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பி, நரம்பில் கரண்ட் ஓடும் வேகத்தைப் பார்த்தார்கள். கணுக்காலுக்குப் பக்கத்தில் நரம்பில் சின்னத் துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்கள். இரத்தம் வெளிநாட்டுக்குப் போனது. பதில் வர மாதங்கள் எடுத்தன.

3. யாருடைய பக்கம்

பதில் வந்த அன்று நசீரும் றமீசாவும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். நசீரின் மூத்த சகோதரி உம்முவும் வந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், முழங்கால் வலி. கதிரையில் அமர்ந்ததும் அவர் சொன்ன முதல் வசனம்: "டொக்டருக்குச் செல்லுங்க மிஸ், எங்கட பக்கத்தில இப்படி நோய் ஒருத்தருக்கும் இல்ல."

"எங்கட பக்கத்திலயும் இல்ல" என்றாள் றமீசா.

டொக்டர் அதைக் கேளாதவர் மாதிரிக் கடதாசியில் ஒரு நீளக் கோடு கீறினார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். முதுகிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பு ஒரு நீளமான குழாய். அதன் உள்ளே அதைத் தாங்கிப் பிடிக்க மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவையும் புரதம்தான். பழைய நார்களை உடல் அவ்வப்போது உடைத்து அகற்ற வேண்டும். எதை அகற்றுவது என்று அடையாளம் போட்டுக் காட்டுவதற்கு இன்னொரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் ஜைகாக்ஸொனின். ஹஸ்னாவின் உடலில் அது சரியாக உருவாகவில்லை. அதனால் பழைய நார்கள் கிடந்து குவிந்து, நரம்பு அங்கங்கே வீங்கிவிட்டது. மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேருவதில்லை. முடியிலும் அதே குடும்பத்து நார்கள் உண்டு, அதுதான் இந்தச் சுருள்.

நசீர் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"எங்கட இறால் பாமில சுப்பவைசர் லீவு போட்ட மாதிரி" என்றார். "வேலைக்கு ஆக்கள் ஈக்கிறாங்க. தண்ணி போக வாய்க்கால் ஈக்கி. எதை அள்ளிக் கொட்டுறதெண்டு காட்ட ஆளில்ல. தொட்டியில சேறு ஏறிடும்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். "இதைவிட நன்றாக நான் சொன்னதில்லை" என்றார்.

"அப்ப அந்த சுப்பவைசருக்கு மருந்து?" றமீசா கேட்டாள்.

"இப்போதைக்கு இல்லை" என்றார் டொக்டர். கால் பலவீனம் கூடும், பிறகு கைக்கும் வரலாம், ஹஸ்னாவுக்கு வந்திருப்பது மெதுவாக நகரும் வகையாகத் தெரிகிறது என்றார். அதையும் நான் தமிழில் சொல்லி முடித்தேன். றமீசா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

உம்முதான் முதலில் கேட்டார். "யாருடைய பக்கத்தில இருந்து வந்த?"

"இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பாதி வந்தால்தான் இந்த நோய் வரும்" என்றார் டொக்டர். "நீங்கள் இருவரும் சொந்தக்காரரா?"

நசீர் தொண்டையைச் செருமினார். "எங்கட வாப்பாட தங்கச்சி மகள்தான் றமீசா."

டொக்டர் இரண்டு கோடுகளை மேலே கொண்டுபோய் ஒரே புள்ளியில் சேர்த்தார். அந்தப் புள்ளியில் யார் இருக்கிறார் என்று வந்திருந்த மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"எங்கட மூத்தாப்பாவா! வாப்பாட வாப்பாவா!" உம்மு எழும்பிவிட்டார். "அவர் ஹஜ் செஞ்ச மனிசர்!"

"அவருக்கு நோய் இல்லை அம்மா. பாதிதான் இருந்திருக்கும். பாதி யாரையும் ஒன்றும் செய்யாது. அவர் இல்லாவிட்டால் அவருடைய மனைவியாக இருக்கலாம்."

உம்முவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்படிச் செல்லுங்க. மூத்தம்மாவாத்தான் ஈக்கும். அவ கல்பிட்டி, வேற ஊர்."

றமீசா கண்ணீரோடு சிரித்துவிட்டாள். இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகிப் போனதால் அந்த வீட்டில் அதன் பிறகு அந்தச் சண்டை வரவில்லை. அதே குடும்பத்துக்குள் இனிக் கலியாணம் பேசுவதானால் முதலில் வந்து இரத்தம் பரிசோதியுங்கள் என்று டொக்டர் சொன்னதை உம்மு கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கும் கலியாண வயதில் ஒரு மகன் இருந்தான்.

4. முட்டைக்கு வந்த தடை

அடுத்த மாதம் ஹஸ்னா வந்தபோது மெலிந்திருந்தாள். நோய் அவ்வளவு வேகமாக ஓடாது. தசையைப் பலப்படுத்த நான் கொடுத்த பயிற்சியைச் செய்யவும் அவளுக்குத் தெம்பில்லை.

"என்ன சாப்பிடுறீங்கள் பிள்ளை?"

"சோறு. பூசணிக்காய். மறுகா பூசணிக்காய்."

"மீன்?"

"மீன் எங்கட எதிரி மிஸ்."

விசாரித்தேன். கிளினிக் வாசலில் ஒரு போஸ்டர் இருந்தது. பெரிய எழுத்தில் 'புரதம்', கீழே முட்டை, மீன், பருப்பு, பால் படங்கள். டொக்டர் பிள்ளைக்குள் புரதம் குவிந்துவிட்டது என்று சொல்ல, வெளியே வந்த றமீசா அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து கடற்கரையோரத்தில் இருந்த அந்த வீட்டுக்குள் மீன் நுழையவில்லை. பிள்ளை பார்த்து ஏங்கக்கூடாது என்று எல்லோருக்கும் தடை.

"நீங்களும் சாப்பிடுறேல்லையோ?" என்று நசீரிடம் கேட்டேன்.

"இல்ல மிஸ். புள்ளைக்காக."

"வாப்பா முந்தல் கடையில முட்டை ரொட்டி தின்றாரு" என்றாள் ஹஸ்னா. "பைக்கில முன்னால குந்துற எனக்குத்தானே மணம் வாற."

நசீர் கூரையைப் பார்த்தார். றமீசா நசீரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்த உரையாடலை நான் எழுத வேண்டியதில்லை.

தின்னும் புரதம் வயிற்றில் கரைந்து உடலுக்குப் பலம் தரும், நரம்பு நார்களை உடல் தானே செய்கிறது, முட்டை தின்பதால் அங்கே ஒன்றும் குவியாது என்று மறுபடி விளக்கினேன். இந்த முறை "விளங்கிச்சா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "வீட்ட போய் உம்மு ராத்தாவுக்கு என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்டேன். றமீசா யோசித்து யோசித்துச் சொன்னாள். இரண்டு இடத்தில் திருத்தினேன். மூன்றாம் தரம் சரியாகச் சொன்னாள். இளம் பிசியோக்களே, என் முழுச் சேவைக் காலத்திலும் நான் கண்டுபிடித்த ஒரே கருவி இந்தக் கேள்விதான்.

5. அது என்ட

ஹஸ்னாவுக்குப் பதினொரு வயதானபோது கணுக்காலைத் தாங்கப் பூட்டிய ஸ்பிளிண்டும் போதவில்லை. சுவரைப் பிடித்து வீட்டுக்குள் நடப்பாள். வெளியே, தெரு ஒழுங்கையில் முடியாது. மோட்டார்சைக்கிளில் பிடித்துக்கொண்டு இருக்கவும் இடுப்பில் பலமில்லை. பள்ளிக்கூடம் நின்றுபோனது.

சக்கர நாற்காலி ஒன்று எடுத்துக்கொடுத்தேன். நசீர் அதைத் தொடவே இல்லை. "அதில ஏறினா மறுகா எறங்கமாட்டா மிஸ்" என்றார். வாய் திறந்தால் பதிலோடு நிற்கும் ஹஸ்னாவும் அன்று "எனக்கு வேணாம்" என்று மட்டும் சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

வற்புறுத்தக் கூடாது என்று நினைத்தேன். கொஞ்ச நாள் விட்டு, ஒரு பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். நாற்காலி முன்ஹோலின் மூலையில் நின்றது. அதன் மேல் லேஸ் துணி விரித்து, நடுவில் பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருந்தார்கள். றமீசா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஹஸ்னா கட்டிலில் சாய்ந்து புத்தகம் வாசிப்பதாக நடித்துக்கொண்டிருந்தாள். நசீர் வாசலில் நின்றார். ஒருவரும் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை.

அப்போது உம்மு வந்தார், ஒழுங்கை முழுக்க முழங்காலைத் திட்டிக்கொண்டே. ஹோலில் இருந்த ஒரு கதிரையில் நான், மற்றதில் உடுப்புக் குவியல். உம்மு சுற்றிப் பார்த்தார். பூச்சாடியைத் தூக்கி அலுமாரி மேல் வைத்தார். லேஸ் துணியை இழுத்தார். உட்கார்ந்தார்.

"ஹா" என்றார்.

காலைத் தூக்கி மிதியில் வைத்தார். சில்லில் கையை வைத்துப் பார்த்தார். நாற்காலி ஒரு அடி முன்னுக்குப் போனது. "ஹா!" இன்னும் தள்ளினார். ஹோலைக் கடந்து அடுப்படி வாசலைத் தொட்டுத் திரும்பி வந்தார்.

"நசீர், இது நல்ல சாமான்டா. சும்மாதானே நிக்கி. நான் வீட்ட கொண்டு போகவா?"

"மாமி!"

எல்லோரும் திரும்பினோம். ஹஸ்னா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எறங்குங்க. அது என்ட."

"நீதான் வேணாமெண்டியே."

"நான் வேணாமெண்டா நீங்க எடுக்கவா? எறங்குங்க மாமி. ஒங்கட பாரத்துக்கு அது வளைஞ்சிடும்!"

உம்மு வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். நசீர்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே வந்து, அக்காவைக் கைபிடித்து எழுப்பிவிட்டு, மகளைத் தூக்கி அதில் இருத்தினார். இருத்தியவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த கிழமை ஹஸ்னா பள்ளிக்கூடம் போனாள். பண்ணையிலிருந்து கொண்டுவந்த பலகையால் வகுப்பு வாசலுக்குச் சாய்தளம் அடித்தவர் நசீர். பிறகு கை பலவீனமானபோது, அவள் சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுத, பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். எழுதிய டீச்சருக்குத்தான் எழுத்துப் பிழை அதிகம் என்று இன்றைக்கும் போனில் சொல்கிறாள்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். இந்த வேலையில் சேருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். இது நல்லது, இது அவசியம் என்று பேசிக் களைக்காதீர்கள். ஆனால் அந்த வீட்டில் அதன்மேல் ஆசைப்படும் மாமி ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.